மலர்கொடியின் கட்டைவிரல்

அத்தியாயம் 5

பதிவுத் தபால் உறையைக் கிழித்ததும் வக்கீல் வெற்றிச்செல்வி கடிதத்தைப் படிக்கவில்லை. நேராக அடியில் இருந்த கைநாட்டுக்குப் போனாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“ராசாங்கண்ணே, இப்படி வாங்க. இது யாரு விரலு?”

குமாஸ்தா ராசாங்கம் டீ கிளாசை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அறுபத்தொரு வயது. ஆண்டிமடம் பக்கத்து ரேஷன் கடைகளில் முப்பத்து நாலு வருஷம் விற்பனையாளராக நின்று ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சம்சாரம் கீரை ஆயச் சொல்கிறாள் என்று பெரம்பலூருக்கு வந்து இந்த ஆபீசில் ஒட்டிக்கொண்டவர்.

“விரலைப் பார்த்து ஆளைச் சொல்ல நான் என்ன ஜோசியரா வக்கீலம்மா? வேணும்னா ராகுகாலம் எத்தனை மணிக்குன்னு சொல்றேன்.”

“முதல்ல கடுதாசியப் படிங்க.”

படித்தார். உடையார்பாளையம் கோட்டாட்சியருக்கு எழுதியது, நகல் வெற்றிச்செல்விக்கு. ‘மலர்கொடி ஆகிய நான் யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதிக்கொண்டது. என் தம்பி மகன் அன்பழகன் மேல் கொடுத்த மனுவை முழு மனதுடன் திரும்பப் பெறுகிறேன். பெருநிழல் இல்லத்தில் நலமாக இருக்கிறேன். என்னை யாரும் பார்க்க வர வேண்டாம்.’ அதற்குக் கீழே நீல மையில் ஒரு கட்டைவிரல்.

ராசாங்கத்துக்கு முகம் தொங்கிப்போனது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மாடிப்படியை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி ஏறி வந்தவள் மலர்கொடி. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று தான் இருக்கிற முதியோர் இல்லத்தில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். எழுபத்து நாலு வயது, பிள்ளை இல்லை, புருஷன் போய்ப் பத்து வருஷம். கடைசி வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் அத்தை என்று அன்பழகன் சொன்ன வார்த்தையை நம்பி, இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தாள். பத்திரம் பதிந்த மறுமாதமே அவளைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிட்டான். இல்லத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அந்தத் தோப்பு. இப்போது அதை இல்லத்தின் அறக்கட்டளைக்கே கைமாற்றப் போகிறான்.

சோறு போடுகிறேன் என்று சொல்லிச் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று மூத்த குடிமக்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெற்றிச்செல்வி பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு சட்டத்தை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறாள். மனு எழுதுவது அவள் வேலை. கோட்டாட்சியர் முன்னால் நின்று பேச வேண்டியது பெரியவர்கள்தான். நேரில் வர வேண்டும், சொந்த வாயால் சொல்ல வேண்டும். மலர்கொடியின் விசாரணை நாளைக் காலை பதினொரு மணிக்கு.

“மனசு மாறிடுச்சு போலருக்கு வக்கீலம்மா. தம்பி மவன் ஒரு அல்வாப் பொட்டலத்தோட போயிருப்பான்.”

“மனசு மாறலாம்ணே. விரலு மாறுமா?”

வெற்றிச்செல்வி பீரோவிலிருந்து மனுவின் நகலை எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் மலர்கொடி இதே மேஜையில் வைத்த கைநாட்டு. அதில் ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை. ஈரத் துணியால் ஒற்றி எடுத்த மாதிரி வெறும் நீலத் திட்டு. கடிதத்தில் இருந்ததோ மார்கழி மாதத்துக் கோலம் போல வரி வரியாக விழுந்திருந்தது.

ராசாங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

“அட, என் மரமண்டையே! மலர்கொடியக்கா நாப்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைச்சதாச்சே. அந்த எண்ணெய் பட்டுப் பட்டு தோலு உரிஞ்சு, விரலு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. ரேஷன் கடையில மிஷினு வந்தப்புறம் ஒரு மாசம்கூட அந்தக்கா விரலு விழுந்ததில்ல. நான்தான் தனி நோட்டுல எழுதி அரிசி போடுவேன். ‘யோவ் ராசாங்கம், உன் மிஷினு நான் செத்துட்டேன்னு சொல்லுதாய்யா?’ன்னு கேக்கும்.”

சொல்லி முடித்ததும் அவருக்கே அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

“இந்த விரலு வேற யாருதோ,” என்றாள் வெற்றிச்செல்வி. “எதுக்கு வேற விரலு தேவைப்பட்டுச்சு? ஒண்ணு, அந்தம்மா வெக்க மாட்டேன்னு சொல்லியிருக்கணும். இல்ல, வெக்கிற நெலமையில இல்லாம இருக்கணும்.”

“போலீசுக்குப் போவமா?”

“போயி என்னன்னு சொல்றது? காணோம்னா, இங்கதான் இருக்காங்கன்னு அவங்க காட்டுவாங்க. முதல்ல நாம பாக்கணும். வண்டி சாவிய எடுங்க.”

அரியலூர் தாண்டுகிற வரைக்கும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்துக்கொண்டே போனார்கள். ஜெயங்கொண்டத்தில் நுழையும்போது மணி பன்னிரண்டு. ஊரைத் தாண்டி ஆண்டிமடம் சாலையில் நாலு கிலோமீட்டரில் இருபக்கமும் முந்திரி மரங்கள் தாழ்ந்து கவிந்த இடத்தில் பெருநிழல் இல்லம் இருந்தது. வெள்ளை மதில், பச்சை கேட். வயதான பெண்கள் ஐம்பத்திரண்டு பேர் இருக்கிற இடம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தது. ஒரு இருமல்கூட இல்லை.

நிறுவனர் செல்லதுரையே வாசலுக்கு வந்து கும்பிட்டார். முன்னே செங்கல் சூளை வைத்திருந்தவர். இப்போது மூன்று மாவட்டத்தில் மேடை போட்டால் முதல் பொன்னாடை அவருக்குத்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, குரலில் எப்போதும் ஒரு தழுதழுப்பு.

“வாங்கம்மா. உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன். நாம ரெண்டு பேரும் ஒரே தொழிலு. பெரியவங்களுக்குச் சேவை.”

“எனக்கு அதுல வயிறு நிறையுதுங்க. உங்களுக்கு?” என்றாள் வெற்றிச்செல்வி சிரித்துக்கொண்டே.

“எனக்கு மனசு நிறையுது.”

“எங்களுக்கு இப்போதைக்குத் தண்ணி போதுங்க, தாகமா இருக்கு,” என்றார் ராசாங்கம்.

வார்டன் சத்யா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முப்பது வயதிருக்கும். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மலர்கொடியைப் பார்க்க வேண்டும் என்றதும் செல்லதுரை ‘ச்சு’ கொட்டினார். “ஆறாம் நம்பர் ரூமுல படுத்திருக்காங்க. காய்ச்சல். ரெண்டு நாளைக்கு யாரும் உள்ள போகக்கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. நம்பிக்கை இல்லேன்னா பதிவேட்டைப் பாருங்க. இன்னிக்குக் காலையில கஞ்சி வாங்கினதுக்குக்கூட விரலு வெச்சிருக்காங்க.”

அந்த இல்லத்தில் அது ஒரு நடைமுறை. ஒரு வேளைச் சாப்பாட்டை யாராவது நன்கொடையாகக் கொடுத்தால், சாப்பிட்ட ஒவ்வொருத்தரும் அவரவர் பேருக்கு நேரே கைநாட்டு வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து நன்கொடை கொடுத்தவருக்கு அனுப்புவார்கள். “ஒரு இட்லிகூட இங்க சாட்சி இல்லாம உள்ள போகாது,” என்று செல்லதுரை பெருமையாகச் சொன்னார்.

தடித்த பதிவேட்டை ராசாங்கம் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். ரேஷன் கடைக்காரருக்குப் பதிவேடு என்றால் தாலாட்டு மாதிரி. பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். மலர்கொடி, மலர்கொடி, மலர்கொடி. இன்றைக்கு வரி வரியான விரல். நேற்றும் அப்படியே. போன வாரமும் அப்படியே. பன்னிரண்டாம் தேதியில் தொடங்கி இன்றைக்கு இருபத்தைந்து வரைக்கும் அதே கோலம். அதன் குறுக்கே சாய்வாக, மயிரிழை தடிமனில் ஒரு வெள்ளைக் கீற்று. பதினோராம் தேதிக்குப் போனதும் மை திட்டாக விழுந்திருந்தது. அதற்கு முன்னால் எல்லாமே திட்டுதான்.

பதினோராம் தேதி வரைக்கும் மலர்கொடி இங்கே கஞ்சி குடித்திருக்கிறாள். அதற்கப்புறம் அவள் பேரில் வேறு யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் வெற்றிச்செல்வியின் செருப்பு அவர் காலை மிதித்தது. ‘சும்மா இருங்க’ என்று அர்த்தம்.

ராசாங்கம் பேச்சை மாற்ற எழுந்து சுவரைப் பார்க்கப் போனார். அங்கே மாலை போட்ட மூன்று படங்கள். மூன்றும் வயதான பெண்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘நிலம் ஈந்த தாய்’ என்று பொன்னெழுத்து. தானம் அளித்த நாள், மறைந்த நாள். அவருக்கு எதைப் பார்த்தாலும் கூட்டிக் கழிக்கிற பழக்கம். முதல் தாய், தானத்துக்கு நாற்பத்தொரு நாள் கழித்து. இரண்டாவது, முப்பத்தாறு. மூன்றாவது, பாக்யலட்சுமி என்று பேர், இருபத்தொன்பது. விரலை மடக்கி இன்னொரு தடவை எண்ணினார். நாட்கள் குறைந்துகொண்டேதான் வந்தன.

மூன்றாவது படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆணி அடித்திருந்தது. கீழே தரையில் சுண்ணாம்புத் தூள் இன்னும் பெருக்காமல் கிடந்தது.



அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் ஹாரன். அரியலூர்க் குடும்பம் ஒன்று, பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக்கும் பிரியாணியும் கொண்டுவந்திருந்தது. “ஒரே நிமிஷம்மா,” என்று செல்லதுரை சட்டையை நீவிக்கொண்டு ஓடினார். கூடத்தில் பெரியவர்களை வரிசையாக நிறுத்தினார்கள். கை தட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். அவர் கைக்கு எட்டிய ஒருத்தியின் தோளை அணைத்துக் கேக்கை ஊட்டியபடி கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

இந்தப் பக்கம் அறையில் சத்யா மட்டும் நின்றாள். வந்தவர்கள் பதிவேட்டில் வெற்றிச்செல்வி எழுதியதற்குக் கீழே முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

“நல்ல கையெழுத்தும்மா,” என்றாள் வெற்றிச்செல்வி. “இவ்வளவு அழகாக் கையெழுத்துப் போடுறவளுக்கு இடது கட்டைவிரல்ல எதுக்கு மை?”

சத்யாவின் கை புடவைக்குள் ஓடியது. “பெரியம்மாங்க விரலைப் புடிச்சு வெக்கிறப்ப ஒட்டும்ங்க.”

“புடிச்சு வெச்சா நுனியில ஒட்டும். உனக்கு உள்பக்கச் சதை முழுக்க இருக்கு. நடுவுல ஒரு கோடு மட்டும் மை படாம வெள்ளையா இருக்கு. அரிவாள்மணை வெட்டா?”

ராசாங்கம் பதிவேட்டை விரித்து அந்த வெள்ளைக் கீற்றின் மேல் விரலை வைத்துக் காட்டினார். “பதினாலு நாளா அந்தக்கா கஞ்சிய நீதான் குடிச்சியா தாயி? ஒடம்பு ஏறுன மாதிரி தெரியலையே.”

சத்யா சுவரில் சாய்ந்தாள். கூடத்தில் ‘ஹேப்பி பர்த்டே’ பாட ஆரம்பித்தார்கள்.

“கத்தாதீங்கண்ணே, காலைத் தொட்டுக் கேக்குறேன்.”

“அந்தம்மா எங்க சத்யா?” வெற்றிச்செல்வியின் குரல் கத்தி மாதிரி இருந்தது. “உசுரோட இருக்காங்களா?”

“இருக்காங்க. இங்க இருந்திருந்தாத்தான் இருந்திருக்க மாட்டாங்க.”

ராசாங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. திருடியைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சத்யா கூடத்தைப் பார்த்தபடியே கடகடவென்று சொன்னாள். “டாக்டர் சீட்டுல ஒரு தூக்க மாத்திரைன்னு இருக்கும். ஐயா நாலு குடுன்னுவாரு. வலி தெரியாமத் தூங்கட்டும்னுவாரு. அந்த மூணு பேருக்கும் அப்பிடித்தான் குடுத்தேன், அவரு பேச்சை நம்பி. பாக்யலட்சுமியம்மா போனப்பதான் எனக்கு உறைச்சுது. பதினோராந்தேதி, மலர்கொடிக்கும் இன்னிலேர்ந்து நாலுன்னாரு. நான் மறுநாளு காலையில காய்கறி வண்டியில ஏத்தி விட்டுட்டேன். ரூமுல தலகாணிய அடுக்கிப் போர்த்தி வெச்சேன். தூங்குதுன்னு தினம் சொல்றேன். போன வாரம் இந்தக் கடுதாசியக் குடுத்து விரலு வாங்கிட்டு வான்னாரு. ஆளு இல்லையே, என்ன பண்ணுவேன்? என் விரலை வெச்சேன்.”

“எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?”

“எங்க போனெல்லாம் அவரு மேஜை டிராயர்லங்க. உங்க ஆபீசுல அந்தம்மாவ ஒளிச்சா முதல்ல அங்கதான் தேடுவாங்க. சொந்தக்காரங்க வூடெல்லாம் அந்த அன்பழகனுக்கு அத்துப்படி.”

“இப்ப எங்க?”

“ஆண்டிமடம் ரோட்டுல கவிதான்னு ஒரு அக்கா முந்திரிக் கொட்டகை வெச்சிருக்காங்க. அங்க கொட்டை உடைக்குது. அதுவா கேட்டுச்சு, சும்மா குந்தியிருக்க மாட்டேன்னு.”

பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது.

“சத்யா, சமையக்கட்டு வழியா வெளிய போ. அடுத்த பஸ்ஸப் புடி. பெரம்பலூர்ல எங்க ஆபீசுக்குக் கீழ ஜெராக்ஸ் கடை, சாவி அங்கதான் இருக்கும். நாளைக்கு நீயும் வேணும்.”

செல்லதுரை விரலில் ஒட்டிய கேக்கைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். வெற்றிச்செல்வி எழுந்து கும்பிட்டாள். “பதிவேட்டைப் பார்த்தேங்க. திருப்தி. அவங்களே வேணாங்கிறப்ப நான் யாரு? நாளைக்கு நானே போய் மனுவை முடிச்சுவைக்கச் சொல்லிடறேன்.”

“நல்ல மனசு உங்களுக்கு,” என்று செல்லதுரை தழுதழுத்தார்.

கேட்டைத் தாண்டியதும் ராசாங்கம் வெடித்தார். “முடிச்சுவைக்கச் சொல்றீங்களா? அந்தச் சுவத்துல நாலாவது ஆணி...”

“பார்த்தேன்ணே. அதனாலதான் திருப்தின்னு சொன்னேன். வண்டிய ஓட்டுங்க.”

கொஞ்ச தூரத்தில் கண்ணாடியில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. “நமக்கு ஒரு ரசிகர் சேர்ந்துட்டாரு வக்கீலம்மா,” என்றார் ராசாங்கம். ஒரு கிராமத்துக்குள் புகுந்து இரண்டு தெரு சுற்றி மறுபடி சாலைக்கு வந்தபோது ரசிகரைக் காணவில்லை. தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தார். டீக்கடையில் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, “கவிதா முந்திரிக் கொட்டகை எந்தப் பக்கம்ணே?” என்று நாலு பேர் காதில் விழக் கேட்டார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே கொட்டை வறுத்த புகை கண்ணைக் கரித்தது. தலையில் துண்டைக் கட்டி, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, சாக்கின் மேல் இரண்டு வரிசையாக நாற்பது பெண்கள். முக்கால்வாசி வயதானவர்கள். எல்லார் கையும் மணிக்கட்டு வரைக்கும் கறுத்திருந்தது. டொக், டொக், டொக் என்று கட்டையடி விழுந்துகொண்டே இருந்தது.

சொந்தக்காரி கவிதா, சத்யாவின் பேரைக் கேட்டதும் வாயைத் திறக்காமல் கண்ணாலேயே இரண்டாவது வரிசையைக் காட்டினாள். ஒன்பதாவது ஆள்.

“யோவ் ராசாங்கம்,” என்றாள் மலர்கொடி, தட்டுவதை நிறுத்தாமல். “கொஞ்சம் இளைச்சுட்டியே. அரிசி திருடித் தின்ன முடியலையா?”

ராசாங்கத்துக்குக் கண் கலங்கியதற்குப் புகை மேல் பழி போட வசதியாக இருந்தது.

வெற்றிச்செல்வி அவள் பக்கத்தில் குந்தினாள். “கிளம்புங்கம்மா. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு நீங்க அந்த ஆபீசுல நிக்கணும்.”

மலர்கொடி பதில் சொல்வதற்குள் வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். ராசாங்கம் சந்து வழியாகப் பார்த்தார். வெள்ளைக் கார். அதன் பக்கத்தில் சிவப்பு மோட்டார் சைக்கிள்.

“டீக்கடையில என் வாயி...” என்று முனகினார். “பின்பக்கம் வழி இருக்கா கவிதா?”

“கொட்டை உடைச்ச தோடு மூட்டை ஏத்துற வழி இருக்கு. வண்டி நிக்குது. ஆனா இப்ப எந்திரிச்சா நேரா கண்ணுல படும்.”

“யாரும் எந்திரிக்க வேணாம்,” என்றாள் வெற்றிச்செல்வி. “அம்மா, நீங்க தட்டுங்க. தலையத் தூக்காதீங்க.”

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். செல்லதுரை உள்ளே வந்தார். தழுதழுப்பு அப்படியேதான் இருந்தது. கண் மட்டும் வேறு ஆளுடையது.

“நீங்க போனதும் ஆறாம் நம்பர் ரூமைத் திறந்து பார்த்தேன். தலகாணி. சத்யாவும் இல்ல. என்னம்மா இதெல்லாம்? அந்தம்மா மாத்திரை சாப்புடுறவங்க. வெளிய இருந்தா எதுவும் ஆயிடலாம். ஆயிட்டா யாரு பொறுப்பு? எங்கம்மாவ நான் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

“தாராளமா. நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. உங்கம்மா இருந்தா கூட்டிட்டுப் போங்க. நான் குறுக்க நிக்கல.”

ராசாங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். வக்கீலம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா?

கட்டையடி ஒரு கணம் தடுமாறி மறுபடி விழத் தொடங்கியது. செல்லதுரை முதல் வரிசையில் நடந்தார். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார். கோடி வரைக்கும் போய்த் திரும்பினார். இரண்டாவது வரிசை. ஐந்து. ஆறு. ஏழு. ராசாங்கம் ஒரு சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எட்டு.

ஒன்பதாவது ஆளின் முன்னால் செல்லதுரை நின்றார். குனிந்தார். இரண்டு முழ தூரம்கூட இல்லை.

“அம்மா,” என்றார். “மலர்கொடின்னு ஒருத்தவங்க இங்க வந்தாங்களா?”

மலர்கொடி ஒரு கொட்டையை எடுத்து வைத்து, ஒரே அடியில் பிளந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

“அப்படி யாரையும் தெரியாதுங்கய்யா.”

அவர் பத்தாவது ஆளுக்கு நகர்ந்தார்.

கோடிக்குப் போனதும் போனை எடுத்தார். “அன்பழகா, நீ வாடா இங்க. வந்து உன் அத்தைய அடையாளம் காட்டு. கால் மணி நேரமா? சீக்கிரம் வா.” பேசிக்கொண்டே கொட்டகையின் முன்வாசலுக்குப் போய், மோட்டார் சைக்கிள்காரனைக் கேட்டில் நிறுத்திவிட்டு, அங்கேயே நாற்காலி கேட்டு உட்கார்ந்தார்.

“எப்படிம்மா?” என்று ராசாங்கம் கிசுகிசுத்தார். “எந்தத் தைரியத்துல?”

“பதினாலு நாளா ஆளே இல்ல. அந்த மனுசன் ஒருநாளு கதவைத் திறந்து பார்க்கல. வரிசையில ஒரு மொகம் குறையிறதும் தெரியல. அப்ப மொகமே தெரியாதுன்னுதானே அர்த்தம். தம்பி மவனுக்குத் தெரியும். அவன் வரதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பின்பக்கம் போயிடுங்க. நான் அவருகிட்ட சேவையப் பத்திப் பேசிட்டிருக்கேன்.”

தோடு மூட்டை ஏற்றிய மினி வேனில், மூட்டைகளுக்கு நடுவே இடம் பண்ணி உட்கார்ந்தார்கள். கவிதாவே ஓட்டினாள். முந்திரித் தோப்புக்குள் மண்பாதையில் குலுங்கிக்கொண்டு போய் உடையார்பாளையம் சாலையைத் தொட்டது வண்டி. ராசாங்கம் பத்து தடவை திரும்பிப் பார்த்தார். புழுதியைத் தவிர வேறு எதுவும் பின்னால் வரவில்லை.

மலர்கொடி கையில் இருந்த சாம்பலைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

“நாளைக்கு அந்த ஆபீசர் என்னா கேப்பாரு?”

“பேரு கேப்பாரு. ஊரு கேப்பாரு. தோப்பு உங்களுக்குத் திரும்ப வேணுமான்னு கேப்பாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்க்கா. பயப்படாதீங்க.”

“தோப்பைப் பத்திக் கேக்கட்டும். சொல்றேன். அந்த மூணு பேரப் பத்திக் கேக்க மாட்டாரா?”

ராசாங்கம் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“பாக்யலட்சுமி எனக்குப் பக்கத்துக் கட்டிலு. அன்னிக்குச் சத்யா புள்ள லீவு, ஊருக்குப் போயிருந்துச்சு. சாயங்காலம் வெளக்கு வெக்கிற நேரத்துல அந்தாளே வந்தாரு. பாலுல என்னமோ கலக்குனாரு. அது வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுது. மூக்கைப் புடிச்சு ஊத்துனாரு. நான் கண்ண மூடிக்கிட்டே கெடந்தேன் ராசாங்கம். தூங்குறேன்னு நெனைச்சாரு.” வேன் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. “யாருகிட்டயும் சொல்லல. சத்யாகிட்டகூட சொல்லல. அந்த ஆபீசர் கேக்கலைன்னாலும் நாளைக்கு நானா சொல்லுவேன். நடுவுல எனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?”

“ஒண்ணும் ஆவாதுக்கா.”

“ஆயிப்போச்சுன்னா? பேனா வெச்சிருக்கியா?”

ராசாங்கம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூட்டையின் மேல் நோட்டை விரித்து, வழக்கம்போல முதலில் தேதியைப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது.

“சொல்லுங்க.”

“முதல்ல பாக்யலட்சுமி,” என்றாள் மலர்கொடி. “அப்புறம் மத்த ரெண்டு பேரும்.”